அவரு காலப் பாத்தியாடா?

முகமது அலிக்குச் சண்டை போடத் தெரியாது என்று நான் ஒருநாள் தீர்ப்புச் சொன்னேன். அப்போது எனக்கு 12 வயது.

1980ஆம் வருடத் தொடக்கம். சென்னை நேரு விளையாட்டரங்கத்துக்கு அலி காட்சிச் சண்டை போட வந்திருந்தார். எதிரே ஜிம்மி எல்லிஸ். ராயபுரத்திலிருந்து மாமா என்னை சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். கண்ணப்பர் திடல் பக்கம் ஒட்டுவார்களே, ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ போஸ்டர், அதில் பெயர் வந்த ஆள் அவர். எங்கள் இடத்திலிருந்து ரிங் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது. அலி சுற்றிச் சுற்றி வந்தார். கையைத் தொங்கப்போட்டார். சிரித்தார். ஓர் அடியாவது பொறி கலங்க விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

திரும்பும்போது, “இன்னா மாமா, இவரு அடிக்கவே மாட்றாரு. சண்டையே தெர்ல இவருக்கு” என்றேன். மாமா ஒன்றும் பேசாமல் மிதித்தார். யானைக்கவுனி பாலத்து ஏற்றத்தில் இறங்கி வண்டியைத் தள்ளும்போதுதான் வாயைத் திறந்தார்.

“அவரு காலப் பாத்தியாடா?”

“இல்ல மாமா.”

“அப்ப நீ ஒண்ணுமே பாக்கல.”

அந்தப் பேச்சு எனக்குப் புரிய 15 வருடம் பிடித்தது. அதற்குள் நானும் கிளவுஸ் மாட்டி, மாநிலப் போட்டிகள் வரை போய், மூக்குத் தண்டு வளைந்து, வடசென்னையில் ஒரு சின்னக் கூடத்தில் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருந்தேன். எல்லிஸும் அலியும் லூயிவில் என்ற ஒரே ஊர்க்காரர்கள். சிறுவயது முதலே பழக்கம். எல்லிஸ் பல வருடம் அலியின் ஸ்பாரிங் கூட்டாளி, அதாவது பயிற்சிச் சண்டைத் துணை. 1968இல் அவரே ஓர் அமைப்பின் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். 1971 ஜூலையில் ஹூஸ்டனில் இருவரும் நிஜமாகவே மோதியபோது அலி 12ஆம் ரவுண்டில் முடித்தார். ஒருவர் தோள் அசைந்தால் அடுத்து என்ன வரும் என்று மற்றவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அப்படிப்பட்ட இருவர் சென்னையில் செய்து காட்டியதைத்தான் நான் சண்டை என்று நினைத்து மார்க் போட்டிருக்கிறேன்.

பழைய ஹெவிவெயிட் வீரர்களின் ஸ்பாரிங் படங்களைப் பார்ப்பது இந்த 30 வருடத்தில் எனக்குத் தொழிலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. “மாஸ்டர், ஜாக் ஜான்சன் இன்னைக்கு இருந்தா நிப்பாரா?” “டெம்ப்ஸி நெஜமாவே அவ்ளோ பெரிய ஆளா?” என்று பையன்கள் கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் நான் செய்த தப்புகளே அதிகம்.

முதல் தப்பு வேகம். 90களின் தொடக்கத்தில், கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பழைய சண்டைப் படங்கள் அடங்கிய இரண்டு வீடியோ கேசட் கொண்டுவந்து கொடுத்தார். பயிற்சி முடிந்து பையன்கள் போன பிறகு போட்டுப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. பெரிய பெரிய ஆட்கள் கோழி மாதிரி குடுகுடுவென்று ஓடினார்கள். கை காற்றாடியாய்ச் சுழன்றது. சார்லி சாப்ளின் படத்துக்கு கிளவுஸ் மாட்டிவிட்டது போல் இருந்தது. ‘சமநிலை இல்லை. நம் பையன்களே போதும்’ என்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கர்வம் தலைக்கேறும்போது எடுத்துப் பார்ப்பேன்.

அந்தக் காலத்து கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு ஏறத்தாழ 16 படம் என்பது வழக்கம். சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் குறையும், பரபரத்தால் கூடும். பேசும்படம் வந்தபின் நிலைத்த கணக்கு வினாடிக்கு 24. பதினாறில் எடுத்ததை இருபத்து நாலில் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகும். மனிதன் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடந்தால் அவன் உடம்பில் எடையே இல்லாதது போல் தெரியும். நான் சமநிலை இல்லை என்று எழுதியது ஜான்சனைப் பற்றியல்ல, அந்த கேசட்டில் படம் ஓடிய வேகத்தைப் பற்றி.

இதைச் சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு. ரவுண்டு என்பது 3 நிமிடம். மணிக்கு மணி முழுசாக இருக்கிற ரவுண்டு 2 நிமிடத்தில் ஓடி முடிந்தால், அது 16இல் எடுத்து 24இல் ஓடுகிறது. ஸ்பாரிங் படத்தில் மணி இருக்காது. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அங்கே கீழே விழுகிற பொருளைத் தேடுவேன். கார்னரில் நிற்பவர் கையிலிருந்து ஈர ஸ்பாஞ்சு நழுவும், ஏதாவது ஒரு சாமான் விழும். 5 அடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட அரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் ஒன்பது படம் இருந்தால் 16, பதின்மூன்று இருந்தால் 24. வீரன் ஏமாற்றலாம், கேமராக்காரர் ஏமாற்றலாம். பூமி இழுப்பது மாறாது.

இப்போது கம்ப்யூட்டரில் பழைய படத்துக்கு வண்ணம் பூசி, இடையில் இல்லாத படங்களை இட்டு நிரப்பி, வழுவழுவென்று ஓட விடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கை எந்த வழியாகப் போனது என்பது அந்தக் கம்ப்யூட்டரின் ஊகம். டெக்னிக் பார்க்க உட்காரும்போது நான் அதைத் தொடுவதில்லை.

வேகம் சரியானதும் அடுத்த சிக்கல் வந்தது. வினாடிக்கு 16 படம் என்றால், ஜாப் என்கிற நேர்குத்து ஒன்றுக்கு இரண்டு மூன்று படம்தான் தேறும். புறப்பட்டது தெரியும், திரும்பியது தெரியும். பட்டது நடுவே எங்கோ இருட்டில் போய்விடும். பழைய படத்தில் அடி தெரியாது என்பதே நிஜம். அப்படியானால் எதைப் பார்ப்பது? இப்படிக் குழம்பிய ஒரு ராத்திரிதான் யானைக்கவுனி பாலம் ஞாபகம் வந்தது. பழைய தினத்தந்தித் தாளை எடுத்து டிவியின் மேல்பாதியில் ஒட்டினேன். இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தது. அப்படியே ஒரு கேசட்டை முழுதும் ஓட்டினேன்.

கை பளிச்சென்று வந்து மறையும். கால் அப்படியல்ல, எங்கே நின்றதோ அங்கே சாட்சியாக நிற்கும். நான் நாலு விஷயம் பார்ப்பேன். குத்துவதற்கு முன் இரண்டு பாதத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி, குத்திய பிறகும் இருக்கிறதா? பின்காலின் குதிகால் எப்போது எழுகிறது? கை போய்ச் சேரும்போது முன்கால் தரையில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா? கடைசியாக, அடி தவறிப்போன பிறகு கால் எங்கே கிடக்கிறது? இந்த நாலாவதுதான் முக்கியம். பட்ட அடியை எதிராளியின் முகமே தாங்கி நிறுத்திவிடும். தவறிய அடியைத் தாங்க ஒன்றுமில்லை. போட்டவனின் கால்தான் தாங்க வேண்டும். அதனால் ஸ்பாரிங் படத்தில் நான் தேடுவது தவறிய அடிகளை.

ஜாக் டெம்ப்ஸியை மூன்றாவது கேள்வியால்தான் கண்டுகொண்டேன். 1919 ஜூலை 4இல் டொலிடோவில் அப்போதைய சாம்பியன் ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை கீழே தள்ளியவர். தன்னைவிட 50 பவுண்டுக்கு மேல் எடை கூடிய ஆளை எப்படிச் சாய்த்தார் என்று வெகுநாள் மண்டையைக் குடைந்தது. முன்காலை மெல்லத் தூக்கி, உடம்பு முன்னால் விழப்போகிற நொடியில், பாதம் தரையைத் தொடும் முன்பே கை போய்ச் சேர்ந்துவிடுகிறது. விழுகிற உடம்பின் எடை முழுவதும் முஷ்டிக்குப் போகிறது. 1950இல் எழுதிய புத்தகத்தில் இதை அவரே படி போட்டு விளக்கியிருக்கிறார். மேல்பாதியை மறைக்காமல் பார்த்திருந்தால் மூர்க்கமாக அடிக்கிறார் என்பதோடு நின்றிருப்பேன்.

ஆனால் எல்லாப் படத்திலும் கால் நியாயமான சாட்சி சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. 1894 செப்டம்பர் 7இல் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜிம் கார்பெட், நியூஜெர்சியில் எடிசனின் ஸ்டுடியோவில் பீட்டர் கோர்ட்னி என்பவரோடு ஆறு ரவுண்டு போட்டார். ஃபிலிம் சுருள் சின்னது, அதனால் ரவுண்டும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். கறுப்புத் தாள் போர்த்திய கொட்டகை. வெயில் உள்ளே விழக் கூரையைத் திறந்து, சூரியன் நகர நகரக் கொட்டகையையே திருப்புவார்கள். நழுவிச் சுற்றுவதற்கே பேர் போன கார்பெட்டை அந்தச் சின்ன இடத்துக்குள், கேமரா எதிரிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்து கார்பெட்டின் ஃபுட்வொர்க்கை எடை போடுவது, குளத்து மீனைக் குடத்தில் விட்டுவிட்டு நீச்சல் போதாது என்பதற்குச் சமம். ரிங் எவ்வளவு அகலம், கேமரா எங்கே இருந்தது, யாருக்காக எடுத்தார்கள் என்று இப்போது முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

நான் அதிகம் பார்த்ததும் அதிகம் தவறியதும் ஜாக் ஜான்சனிடம். 1878இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் பிறந்தவர். 1908 டிசம்பர் 26இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று உலக ஹெவிவெயிட் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 14ஆம் ரவுண்டில் போலீஸ் புகுந்து சண்டையை நிறுத்தியது, கேமராவையும் நிறுத்தச் சொன்னது. பட்டம் கைமாறிய காட்சி படத்தில் இல்லை. 1912இல் அமெரிக்காவில் பரிசுச் சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடைச் சட்டம் வந்தது; அது நீங்கியது 1940இல். ஆகவே ஜான்சன் நமக்குக் கிடைப்பதே அரைகுறையாகத்தான்.

கிடைத்த மட்டில் பார்த்தால், இன்றைய பயிற்சியாளருக்கு வயிற்றெரிச்சல். இடது கை இடுப்பு உயரத்தில் நீட்டியபடி இருக்கும். தாடையை மறைப்பதில்லை. எடை பின்காலில். எதிராளி கிட்டே வந்தால் புஜத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாகக் கூட்டத்தோடு பேசுவார். ‘கட்டிப்பிடிக்கிற ஆள்’ என்று நோட்டில் எழுதினேன்.

தாளை ஒட்டிவிட்டுப் பார்த்தபோது கணக்கு மாறியது. ரவுண்டு ரவுண்டாக அவருடைய கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடவே இல்லை. எதிராளி ஓர் அடி எடுத்து வைத்தால் இவர் அரை அடி பின்வாங்குவார், அதற்கு மேல் இல்லை. பிறகு தாளை மேலே கொஞ்சம் நகர்த்திக் கையைப் பார்த்தேன். புஜத்தைப் பிடிப்பது களைப்பால் அல்ல. அடி புறப்படும் முன்பே விரித்த உள்ளங்கை அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. குழாயைத் திருகி மூடுவது மாதிரி அடியை அதன் வாயிலேயே அடைக்கிறார். மற்றக் கை சும்மா இருக்கிறது, கீழிருந்து மேலே போடும் அப்பர்கட்டுக்கு. அன்று போட்டிக்கு மாட்டியது நாலைந்து அவுன்ஸ் கிளவுஸ்; அதில் விரலை விரித்துப் பிடிக்க முடியும். 1910இல் முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரிஸுடன் ரெனோவில் போட்ட சண்டைக்கும், 1915இல் வில்லார்டுடன் ஹவானாவில் போட்ட சண்டைக்கும் பேசிய கணக்கு 45 ரவுண்டு. நாற்பத்தைந்து ரவுண்டுக்குக் கையைத் தாடையில் தூக்கி வைத்துக்கொண்டு எவனும் நிற்க முடியாது.

இதெல்லாம் விளங்கியதும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. கூடத்தில் உயரமான, நிதானமான பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். ஸ்பாரிங்கில் எல்லோரையும் திணறடித்தான். மாநிலப் போட்டி வந்தது. புஜத்தில் கை வைத்தான். “பிடிக்காதே” என்றார் ரெஃப்ரி. மறுபடி வைத்தான், மறுபடி கண்டிப்பு, பிறகு வார்னிங். பருத்த கிளவுஸில் பிடியும் நிற்கவில்லை. இடுப்பில் கிடந்த இடது கைக்கு மேலாக வலது கைக் குத்துகள் வரிசையாக வந்து விழுந்தன. மூன்றே ரவுண்டில் 45 ரவுண்டுக்கான சிக்கனத்தோடு சண்டை போட்டுவிட்டுத் தோற்று இறங்கினான். “மாஸ்டர், நீங்க சொன்னதத்தான செஞ்சேன்” என்றான். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. டெக்னிக் என்பது விதி, கிளவுஸ், நேரம் மூன்றும் சேர்ந்து பெற்ற பிள்ளை. பெற்றவர்களை விட்டுப் பிரித்துக் கொண்டுவந்தால் பிழைக்காது.

ஸ்பாரிங்குக்கும் சண்டைக்கும் நடுவே உள்ள கோட்டை எனக்குக் காட்டிக்கொடுத்ததும் ஜான்சன் படம்தான். 1909 அக்டோபர் 16, கலிஃபோர்னியாவின் கோல்மா. எதிரே மிடில்வெயிட் சாம்பியன் ஸ்டான்லி கெட்சல். படம் நல்ல நீளத்துக்கு வர வேண்டும் என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள் என்பது வெகுகாலப் பேச்சு. பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. பதினோரு ரவுண்டுக்கு ஜான்சன் ஒரு வாத்தியார் போல, அந்தச் சின்ன ஆளைத் தூக்கி நிறுத்திக் கொண்டுபோகிறார். பன்னிரண்டாம் ரவுண்டில் கெட்சல் ஒரு வலது கையை வீச, ஜான்சன் கீழே விழுகிறார். எழுகிறார். கெட்சல் பாய்கிறார். ஜான்சனின் வலது கை ஒரே ஒரு முறை கிளம்புகிறது. கெட்சல் மல்லாந்து கிடக்கிறார். அடித்த வேகத்தில் ஜான்சனும் அவர் கால்மேல் தடுக்கி விழுந்து எழுகிறார்.

தாளை ஒட்டிக்கொண்டு அந்த இடத்தை எத்தனை முறை ஓட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. பதினோரு ரவுண்டும் அரை அடி கூடப் பிசகாத கால், அந்த ஓர் அடியில் மொத்தமாகப் பறிபோகிறது. உடம்பில் இருந்ததை எல்லாம் அதில் போட்டுவிட்டார். அதற்கு முன் அவர் போட்டவை எல்லாம் மூட்டை அவிழ்க்காமல் கொடுத்த சில்லறை. ஸ்பாரிங் படத்தில் வீரன் செய்வதைப் பார்த்து எடை போடுகிறோம். அவன் எவ்வளவு கையிருப்பு வைத்துக்கொண்டு செய்கிறான் என்பது அதில் தெரியாது. கெட்சல் விழுந்த ஒரே நொடி மட்டும் அதை அளந்து காட்டியது.

பயிற்சி முகாம் படங்களுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்தக் காலத்தில் முகாம்களுக்கு நிருபர்கள் வருவார்கள், பந்தயம் கட்டுகிறவர்கள் வருவார்கள், டெம்ப்ஸி காலத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பொதுமக்களும் வந்தார்கள். பார்ப்பவர் முன்னால் ஒருவர் பலத்தைக் காட்டலாம், இன்னொருவர் மறைக்கலாம். ஜெஃப்ரிஸ் ஏறக்குறைய ஆறு வருடம் சண்டையே போடாமல் இருந்து, ஏகப்பட்ட எடையைக் கரைத்து 1910இல் திரும்பி வந்தார். உடம்பைப் பார்த்த பலரும் அவர்தான் ஜெயிப்பார் என்று பணம் கட்டினார்கள். ரெனோவில் 15ஆம் ரவுண்டில் ஜான்சனிடம் தோற்றார். உடம்பு திரும்பியிருந்தது, அடி வரும் நேரத்தைக் கண் அறிவதற்கு முன் தோள் அறியுமே, அது திரும்பவில்லை. அதை எந்த முகாம் படமும் காட்டாது.

இவ்வளவு சந்தேகம் சொன்னதால் படம் பார்ப்பதே வீண் என்று எண்ண வேண்டாம். பழக்கத்தைத் தேடிப் பார்த்தவர் ஜெயித்திருக்கிறார். 1935 டிசம்பரில் அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸ், பவுலினோ உஸ்குதுனை அடித்து வீழ்த்தியதை ரிங் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங். பிறகு லூயிஸின் படங்களையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஊரே லூயிஸின் வலிமையைப் பார்த்தது. ஷ்மெலிங் பார்த்தது, ஜாப் போட்ட பிறகு இடது கை கொஞ்சம் தாழ்ந்து திரும்புவதை. 1936 ஜூன் 19இல் அந்தச் சந்தின் வழியாகவே வலது கையை விட்டு, 12ஆம் ரவுண்டில் லூயிஸை வீழ்த்தினார். லூயிஸும் அவருடைய பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்னும் சும்மா இருக்கவில்லை. 1938இல் மறுபடி மோதியபோது சண்டை 124 வினாடியில் முடிந்தது. படத்தில் கண்டுபிடித்த பழக்கத்துக்கு ஆயுள் அவ்வளவுதான். அந்தப் பக்கத்து ஆளும் படம் பார்க்கிறான் அல்லவா?

ஆகவே பையன்கள் கேட்டால் என் கணக்கு இதுதான். பழைய ஸ்பாரிங் படத்திலிருந்து நிற்கிற விதம், தூரம் அளக்கிற விதம், தவறிய பிறகு மீள்கிற விதம், கை திரும்பும் வழி இவற்றைச் சொல்லலாம். அடியின் பலம், தாங்கும் சக்தி, நெஞ்சுரம் இவற்றைச் சொல்ல முடியாது. ஜான்சன் இன்று நிற்பாரா என்றால், அவர் கால் நிற்கும் என்பேன். கையை அவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அவ்வளவு புத்தியுள்ளவர் மாற்றிக்கொள்வார் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் படத்தில் ஆதாரம் இல்லை.

ஜான்சனின் கடைசிப் படம் ஒன்று உண்டு. 1945 நவம்பர் 27, போர்க்காலக் கடன்பத்திர நிதிக்காக நியூயார்க்கில் ஒரு காட்சி. எதிரே, 40 வருடத்துக்கு முன் அவரோடு பலமுறை மோதிய ஜோ ஜெனட். ஜான்சனுக்கு 67 வயது, ஜெனட்டுக்கு 66. ஒரு நிமிட ரவுண்டுகள். இரண்டு தாத்தாக்கள் மெதுவாகச் சுற்றுகிறார்கள். தலை வழுக்கை, இடுப்பு பெருத்துவிட்டது. அதற்குப் பின் ஏழு மாதத்துக்குள் ஜான்சன் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் படத்தை நான் எந்தப் பையனுக்கும் மேல்பாதியோடு காட்டுவதில்லை. காட்டினால் சிரிப்பான்.

உங்கள் கைக்கும் இப்படி ஒரு பழைய படம் என்றாவது வரும். தீர்ப்பு எழுதும் முன் வேகத்தைச் சரிசெய்யுங்கள், மேல்பாதியை மறைத்துவிட்டு ஒருமுறை முழுதும் ஓட்டுங்கள். அலியை நான் நேரில் பார்த்தது அந்த ஒரே ஒரு மாலைதான். அன்றைக்கு அவர் காலை நான் பார்க்கவில்லை.